ஒரு விளக்கு, ஒரு முகம், கேட்காமல் வரும் அபிப்பிராயம்: மலையகத்து ஸ்டூடியோக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு வரும் வேலையில் பெரும்பகுதி அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்குமான படங்கள்தான். அந்தப் படங்களில் முகத்தில் நிழல் விழக்கூடாது, பின்னணி ஒரே சீராக இருக்க வேண்டும், இரண்டு கன்னங்களும் ஒரே அளவு வெளிச்சம் பெற வேண்டும். ஆகவே கமராவின் இரு புறமும் இரண்டு விளக்குகளைச் சம தூரத்தில் நிறுத்திவிட்டு, வருடக்கணக்கில் அவற்றை அசைக்காமலே தொழிலை ஓட்டிவிடலாம். வெளியில் போனாலும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. மேகமும் மூடுபனியும் வானம் முழுவதையும் ஒரு வெள்ளைத் துணியாக்கிவிடும் நாட்களில், முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்றே சொல்ல முடியாது. இதனால் எங்கள் ஊர்களில் 'நல்ல படம்' என்றால் நிழல் இல்லாத படம் என்ற எண்ணம் படம் எடுப்பவரிடமும் எடுத்துக்கொள்பவரிடமும் ஊறிப்போயிருக்கிறது.

இந்தச் சூழலில் ஒருவர் இரண்டு விளக்குகளில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை ஒரு பக்கமாக நகர்த்தி உருவப்படம் எடுக்கத் தொடங்கினால், ஒரே வாரத்தில் இரண்டு பாடங்கள் ஆரம்பமாகிவிடும். ஒன்று, அந்த ஒற்றை விளக்கை ஆளுவது. மற்றது, கடைக்குள் நுழைகிறவர் எல்லாம் கேட்காமலே சொல்லிவிட்டுப் போகும் அபிப்பிராயத்தை என்ன செய்வது என்பது. இவற்றை இரண்டு வேலைகளாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விளக்கு எந்த இடத்தில், எத்தனை அடி தூரத்தில், என்ன நோக்கத்துக்காக நின்றது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான், வந்த விமர்சனத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதும் தெரியும். அதனால் விளக்கிலிருந்தே தொடங்குவோம்.

அறையும் அளவும்

பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் போதும். லயத்துக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) ஒன்றின் அளவு ஏறத்தாழ அதுதான். நான் தொடங்கியதும் அப்படியொரு காம்பராவில்தான். பன்னிரண்டு அடி நீளத்தை இப்படிப் பங்கிடுங்கள்: பின்னணித் துணியிலிருந்து 4 அடி முன்னால் ஸ்டூல், ஸ்டூலிலிருந்து 6 அடியில் கமரா, மிச்சமுள்ள 2 அடியில் நீங்கள். 6 அடியைவிட நெருங்கிப்போனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழும். அது லென்ஸின் குறையன்று, தூரத்தின் குணம். பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் கமராவானால் 85 மில்லிமீற்றர் லென்ஸும், சிறிய சென்சர் உள்ள கமராவானால் 50 மில்லிமீற்றர் லென்ஸும் அந்தத் தூரத்திலிருந்து தலையையும் தோளையும் சரியாக நிறைக்கும்.

அடுத்தது சுவர். நம் வீடுகளில் பச்சை, நீலம், ரோஸ் என்று அடர்ந்த நிறங்களைப் பூசுவது வழக்கம். விளக்கின் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது சுவரின் நிறத்தையும் அள்ளிக்கொண்டு வந்து முகத்தின் நிழற்பக்கத்தில் கொட்டும். ஒரு கன்னம் இயல்பாகவும் மறு கன்னம் பச்சையாகவும் இருக்கும் படத்தைக் கணினியில் திருத்த உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். படுக்கை விரிப்போ கறுப்புத் துணியோ கொண்டு அருகிலுள்ள சுவர்களை மூடிவிடுவதே சுலபம்.

விளக்கைப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160 செக்கன், துளை எஃப் 8 என்று வைத்து, ஃப்ளாஷ் எரியாமல் ஒரு படம் எடுங்கள். அந்தப் படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால், யன்னலிலிருந்தோ கூரை மின்குமிழிலிருந்தோ உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத வெளிச்சம் படத்துக்குள் வருகிறது என்று பொருள். அதை அடைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு 'நிறம் ஏன் மாறி மாறி வருகிறது' என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஃப்ளாஷ் இல்லாமல் எல்இடி விளக்கில் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். விலை குறைந்த மின்குமிழ்கள் அதனால் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் படத்தில் பட்டைகள் விழாது.

விளக்கே இல்லாதவர் யன்னலை விளக்காகக் கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டுப் பாடங்கள் சொல்லும் 'வடக்கு யன்னலில் நேர் வெயில் படாது' என்ற விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மலையகம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாக நிற்கிறது. ஹட்டன் பக்கத்தில் அந்த மாதங்களின் பெரும்பகுதியைத் தென்மேல் பருவ மழையும் மூட்டமும் மறைத்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அதே மாதங்களில் வெயில் நன்றாக அடிக்கும். யன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது.

விளக்கை நிறுத்தும் முறை

தரையில் ஒரு பெரிய கடிகார முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உட்காருபவர் நடுவில், கமரா 6 மணியில். விளக்கை முதலில் நாலரை மணியில் நிறுத்துங்கள். அதாவது கமராவுக்கு 45 பாகை பக்கவாட்டில். விளக்கின் நடுப்பகுதி கண்மட்டத்தைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்து சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். விளக்கின் முன் வெள்ளைத் துணி கட்டிய பெட்டியான சாஃப்ட் பாக்ஸ் 2 முதல் 3 அடி அகலமிருந்தால் போதுமானது. அதுவும் இல்லையென்றால் மரச்சட்டத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் பின்னால் ஃப்ளாஷை வைத்துக்கொள்ளலாம். துணியின் பரப்பு முழுவதும் ஒளிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடுவில் மட்டும் ஒரு வட்டமாக ஒளிர்ந்தால் ஃப்ளாஷ் துணிக்கு மிக அருகில் இருக்கிறது.

இனிப் பார்க்க வேண்டியது மூக்கின் நிழலை. அனுபவசாலிகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மூக்கு நிழலைப் பார்ப்பார்கள். அது மேலுதட்டைத் தொடாமல் கன்னப் பக்கமாகச் சிறியதாகச் சரிந்திருந்தால், பெரும்பாலான முகங்களுக்கும் பொருந்தும் ஒளி கிடைத்துவிட்டது. விளக்கை நான்கு மணிப் பக்கமாக நகர்த்திச் சற்று உயர்த்தினால், மூக்கு நிழல் நீண்டு கன்னத்து நிழலோடு சேர்ந்துவிடும். விளக்குக்குத் தூரத்திலுள்ள கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படுவது இந்த ஒளிதான். மூன்று மணிக்கே போய்விட்டால் முகம் சரிபாதியாகப் பிளக்கும். விளக்கை ஆறு மணியில், கமராவுக்கு நேர் மேலே வைத்தால், மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் நிழல் விழும். கன்ன எலும்பு எடுப்பான முகங்களுக்கு அது அழகு, கண்கள் உள்வாங்கிய முகங்களுக்கு ஆகாது.

தூரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் விளக்கின் சக்தியைத் திருகிக்கொண்டே இருக்கிறார்களே தவிர ஸ்டாண்டை நகர்த்துவதில்லை. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். இந்த விதி சின்ன அறைக்காரருக்குப் பெரிய வரம். விளக்கு முகத்துக்கு 3 அடியிலும் பின்னணித் துணி விளக்கிலிருந்து 7 அடியிலும் இருந்தால், முகத்தில் படும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே துணியில் படும். சாம்பல் நிறத் துணி ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். அதே விளக்கை 6 அடிக்குப் பின்னே இழுத்தால், துணி 10 அடியில் நிற்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் பெறும், சாம்பலாகவே தெரியும். ஆக ஒரே துணியை வைத்துக்கொண்டு, விளக்கை முன்பின் நகர்த்தியே இரண்டு பின்னணிகளைப் பெறலாம். அருகில் வந்த விளக்கு முகத்துக்குப் பெரியதாகத் தெரிவதால் நிழலின் விளிம்பும் மென்மையாகும். தூரப் போனால் விளிம்பு கூர்மையாகும்.

இன்னொன்று. சாஃப்ட் பாக்ஸின் நடுப்பகுதியை முகத்துக்கு நேரே குறிபார்க்காமல், முகத்துக்குச் சற்று முன்னால் உள்ள வெற்றிடத்தை நோக்கித் திருப்புங்கள். விளிம்பு வெளிச்சம் மட்டுமே முகத்தை வருடும். நெற்றியின் பளபளப்பு அடங்குவதை உடனே காண்பீர்கள்.

நிழலின் ஆழம்

நிழற்பக்கத்தை எவ்வளவு நிரப்புவது என்பதுதான் படத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. மின்சாதனப் பெட்டிகளில் வரும் வெள்ளை நுரைத் தட்டான ரெஜிபோம் ஒன்றை நிழற்பக்கத்தில் 2 அடி தூரத்தில் நிறுத்தினால், வெளிச்சம் திரும்பி வந்து நிழலைத் தணிக்கும். வெளிச்சம் இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டொப். கன்னத்துக்குக் கன்னம் ஒரு ஸ்டொப் வித்தியாசம் என்றால் அது இரண்டுக்கு ஒன்று, இரண்டு ஸ்டொப் என்றால் நான்குக்கு ஒன்று, மூன்று ஸ்டொப் என்றால் எட்டுக்கு ஒன்று. குடும்பப் படங்களுக்கு முதலாவது போதும். தனி மனிதரின் குணத்தைக் காட்டும் படத்துக்கு நான்குக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். சிறிய வெள்ளை அறையில் நிழல் தானாகவே நிரம்பிவிடும் என்பதையும் கவனியுங்கள். அங்கே ரெஜிபோமுக்குப் பதில் கறுப்புத் துணியை நிழற்பக்கத்தில் தொங்கவிட்டால்தான் நிழல் நிழலாக இருக்கும்.

நம் தோலுக்கு ஏற்ற ஒளி

இதுதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம். கமராவின் தானியங்கி மீற்றர், தன் முன்னே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளைப் பின்னணியில் கருமையான முகத்தை வைத்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். முகம் சட்டத்தை நிறைத்தால் வேண்டாத அளவுக்கு வெளுக்கச் செய்துவிடும். இரண்டு தவறையும் தவிர்க்க, 18 சதவீதச் சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து, அதற்கு வெளிச்சத்தைச் சரிசெய்து, பிறகு எல்லாவற்றையும் கையியக்கத்தில் பூட்டிவிடுங்கள்.

வெளிர் நிறத் தோல் தன்மேல் பட்ட ஒளியைச் சிதறவிட்டுத் தன் வடிவத்தைக் காட்டுகிறது. கருந்தோலில் வடிவத்தைப் பெரும்பாலும் சொல்வது மினுமினுப்பு: கன்ன மேடு, மூக்கின் தண்டு, தாடையின் விளிம்பு ஆகியவற்றில் ஓடும் பிரதிபலிப்பு. அதனால் கருமையான முகத்துக்குச் சக்தியைக் கூட்டுவது மருந்தாகாது; விளக்கைப் பெரிதாக்குவதும் பக்கவாட்டில் கொண்டுபோவதும்தான் மருந்து. பெரிய சாஃப்ட் பாக்ஸை மூன்றரை மணிப் பக்கம் அருகில் வைத்தால், அந்த மினுமினுப்பு பொட்டுப் பொட்டாக இல்லாமல் அகன்ற பட்டையாக ஓடும். பவுடரை அப்பி அதை அழித்துவிடாதீர்கள். தலையில் வைத்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கியிருந்தால் மட்டும் டிசுவால் ஒற்றியெடுங்கள். கருங்கூந்தல் இருண்ட பின்னணியோடு கரைந்துபோகாமலிருக்க, இரண்டாவது சிறிய விளக்கொன்றைப் பதினொரு மணியில், தலைக்குப் பின்னால், கமராவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம்.

விபூதி, மல்லிகைச் சரம், சேலையின் சரிகை ஆகியவைதான் முதலில் வெளுத்து விவரம் இழப்பவை. ஹிஸ்டோகிராமின் (கமரா காட்டும் வெளிச்சப் பரம்பல் வரைபடத்தின்) வலது ஓரத்தை அவற்றுக்காகவே பார்க்க வேண்டும். மூக்குத்தியின் ஒற்றை மின்னலை மட்டும் விட்டுவிடலாம், அது மின்னுவதற்காகவே போட்டுக்கொள்வது. மூக்குக் கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் விளக்கை உயர்த்துங்கள், அல்லது கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் சற்றுத் தூக்கச் சொல்லுங்கள்.

ஈரம் பற்றி இரண்டே வார்த்தை: குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்த கமராவை அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள், இல்லையேல் லென்ஸில் பனி படியும். நனைந்த சாஃப்ட் பாக்ஸ் துணியை மடித்து வைக்காதீர்கள்.

விளக்குக் கொப்பி

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். கடிகார முகத்தை வரைந்து, விளக்கு எந்த மணியில், முகத்திலிருந்து எத்தனை அடியில், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் நின்றது, நிழற்பக்கத்தில் வெள்ளையா கறுப்பா, சக்தி எவ்வளவு என்று எழுதுங்கள். அதன் கீழே ஒரேயொரு வாக்கியத்தில் படத்தின் நோக்கத்தை எழுதுங்கள்: 'கல்யாணத்துக்குப் பார்க்க வருபவர்களிடம் காட்ட', 'வீட்டுச் சுவரில் மாட்ட', 'என் சொந்த ஆசைக்கு'. முதல் பகுதி அடுத்த தடவை அதே ஒளியைத் திரும்பப் பெற உதவும். கடைசி வாக்கியம் இனி வரப்போகும் வேலைக்கு உதவும்.

அபிப்பிராயங்களைக் கையாளுதல்

நம் மலையகத்துப் பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தின் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மையார் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் கோழிக் கொட்டகையொன்றைக் கண்ணாடி வீடாக மாற்றி, பக்கவாட்டு வெளிச்சத்தில் முகங்களை எடுத்தார். படம் மங்கலாக இருக்கிறது, தகட்டில் கீறலும் கறையும் இருக்கின்றன, தொழில் தெரியாதவர் என்றெல்லாம் அக்காலத்துப் புகைப்படச் சஞ்சிகைகள் அவரைச் சாடின. எது சரியான குவியம், அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று 1864இல் வானியலாளர் ஜோன் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டார். 1875இல் இலங்கைக்கு வந்து, இங்கேயும் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். அவரைச் சாடியவர்கள் சொன்னதில் கீறலும் கறையும் உண்மைதான். மங்கல் மட்டும் அவர் தெரிந்தே வைத்துக்கொண்டது. ஒரே விமர்சனத்துக்குள் சரியானதும் பொருந்தாததும் கலந்து வரும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் சொல்பவர் யார் என்று பாருங்கள். காசு கொடுத்தவரின் குறை விமர்சனமன்று, அது ஓடர். கொப்பியில் எழுதிய நோக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேண்டியதைத் திருத்திக் கொடுப்பது நம் கடமை. கூட வந்த மாமா, பக்கத்துக் கடைக்காரர், காட்சிக்கு வைத்த படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வருபவர் ஆகியோர் சொல்வதுதான் கேட்காத அபிப்பிராயம். அவர்கள் பேசி முடிக்கும்வரை விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால், அவர் பார்த்தது என்ன என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். முடித்த பிறகு ஒரே கேள்வி: 'எந்த இடத்தில் என்று விரலை வைத்துக் காட்டுங்கள்.' பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள். விரலை வைப்பவர் ஏதோ ஒன்றை உண்மையாகவே பார்த்திருக்கிறார்.

அடுத்த படி, அவர் சொன்னதை விளக்கின் மொழிக்கு மாற்றுவது. 'இருட்டா இருக்கு' என்றால் நிழலின் ஆழம் பற்றிய பேச்சு. ரெஜிபோம் அதற்கு விடை. 'மூஞ்சி ஊதித் தெரியுது' என்றால், கமராவுக்கு அருகிலுள்ள கன்னத்தில் விளக்கு விழுந்து முகத்தை அகலமாக்கியிருக்கலாம். விளக்கை மறுபக்கம் கொண்டுபோனால் முகம் ஒடுங்கும். 'வயசாத் தெரியுது' என்றால் சிறிய விளக்கு பக்கவாட்டிலிருந்து சுருக்கங்களைத் தோண்டியிருக்கும். 'எண்ணெய் வழியுது' என்றால் பிரதிபலிப்பின் கோணம். 'என்னமோ உயிரில்ல' என்று மட்டும் சொன்னால், பத்தில் எட்டுத் தடவை கண்மணியில் விளக்கின் ஒளிப்புள்ளி இல்லாமல் போயிருக்கும். சொல்பவருக்குக் காரணம் தெரியாது. அவர் உணர்ந்தது சரி, பரிந்துரைக்கும் மருந்து மட்டும் பிழையாக இருக்கும். இப்படி மாற்றிய பிறகு, முடிந்தால் இன்னொரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய்த்தர்க்கத்தில் தீராதது இரண்டு படங்களில் தீர்ந்துவிடும்.

பதில் சொல்வது சுருக்கமாக இருக்கட்டும். ஏற்றுக்கொண்டால், 'நீங்கள் சொன்னது சரி, அடுத்த படத்தில் பார்க்கிறேன்.' ஏற்கவில்லையென்றால், 'அந்த நிழல் வேண்டுமென்றே விட்டது.' இரண்டாவது வாக்கியத்தை, கொப்பியில் அந்த நோக்கத்தை முன்னரே எழுதியிருந்தால் மட்டுமே சொல்லுங்கள். குறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதற்கு நோக்கம் கற்பிப்பது நம் தொழிலில் பழைய பழக்கம்.

விளக்கின் மொழிக்கு மாற்றவே முடியாத அபிப்பிராயங்களும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சடங்குப் படம் எடுத்தேன். அல்பத்தைப் பார்க்க வந்த அத்தை, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே, "என்னா தம்பி, புள்ள இம்புட்டு கறுப்பா விழுந்திருக்கு?" என்றார். ஒளியில் குறையில்லை, சாம்பல் அட்டை வைத்து எடுத்த படம். ஆனாலும் தர்க்கம் வேண்டாமென்று, அன்றிரவே கணினியில் முகத்தை வெளுப்பாக்கி அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் பிள்ளை அந்தப் படத்தைக் கையில் வாங்கி, கன்னத்தில் வைத்திருந்த தன் மருதாணிக் கையைக் காட்டி, "இது மட்டும் என் கை" என்றாள். முகத்தை வெளுத்த நான் கையை மறந்துவிட்டேன். அதன் பிறகு நிறத்தைப் பற்றிய பேச்சு வந்தால், பிள்ளையின் முன்னாலேயே, "நிறம் சரியாத்தான் விழுந்திருக்குங்க அக்கா, கண்ணு எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாருங்க" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். உட்கார்ந்தவரின் உடம்பைப் பற்றி வரும் பேச்சுக்கு அவர் முன்னிலையில் இடம் கொடுக்காமலிருப்பதும் ஸ்டூடியோக்காரரின் வேலைதான்.

ஒரு படம், மூன்று தடவை

முடிவாக, இவை எல்லாம் சேர்ந்து வந்த ஒரு சம்பவம். ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான ஓர் அம்மாயியைப் பேரன் கூட்டிவந்தான். நோக்கம்: வீட்டுச் சுவரில் மாட்ட. விளக்கு நான்கு மணியில், 3 அடி தூரத்தில், ஆறரை அடி உயரத்தில், நிழற்பக்கத்தில் கறுப்புத் துணி. எட்டுக்கு ஒன்று. பேரனின் சம்மதத்தோடு பெரிதாக அச்செடுத்துக் கடை முகப்பிலும் ஒன்று வைத்தேன்.

பாதி முகம் இருட்டு என்று பார்த்தவர் எல்லோரும் சொன்னார்கள். நோக்கம் கொப்பியில் இருந்தது, அந்த முகத்தின் கோடுகள் நிழலில்லாமல் வராது, விட்டுவிட்டேன். பிறகு ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ்களைப் பென்சிலால் திருத்திப் பழகிய ஒரு முதியவர் உள்ளே வந்தார். "தம்பி, நெழலு இருக்கட்டும். கண்ணுல வெளிச்சம் இல்லியே" என்று, நான் கேட்காமலே விரலை வைத்துக் காட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் போன பிறகு கொப்பியைத் திறந்தேன். உட்கார்ந்தவரின் கண்மட்டம் 4 அடிக்குக் கொஞ்சம் குறைவு, கண்கள் உள்வாங்கியவை, விளக்கு ஆறரை அடியில். புருவ மேடு விளக்கைக் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்களை மீண்டும் வரச் சொல்லி, விளக்கை ஓர் அடி இறக்கினேன். நிழல் அப்படியே இருந்தது, இரண்டு கண்களிலும் புள்ளி வந்தது.

அந்த இரண்டாவது அச்சை அம்மாயியின் கையில் கொடுத்தபோது, அவர் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கையி தெரியலியே தம்பி" என்றார். மடியில் வைத்திருந்த கைகள் படத்துக்குள் இருந்தன, ஆனால் முகத்தின் வெளிச்சத்தில் பாதிகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. விளக்கு முகத்துக்கு 3 அடியில் இருந்தது, கைகளுக்கு ஏறத்தாழ நாலரை அடியில். விளக்கை 6 அடிக்கு இழுத்தால் கைகளுக்கு அது ஏழரை அடியை எட்டாது. வித்தியாசம் அரை ஸ்டொப்புக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நிழலின் விளிம்பு கூர்மையாகும், பின்னணி சற்று வெளுக்கும், அவற்றை ஏற்றுக்கொள்ளலாம். சக்தியை இரண்டு ஸ்டொப் கூட்டினேன், ஸ்டாண்டைச் சுவரோரம்வரை தள்ளினேன், கறுப்புத் துணியை மடிவரை இறக்கிக் கட்டினேன். கொப்பியில் அந்தப் பக்கத்தின் நோக்க வாக்கியத்தை அடித்துவிட்டு, 'கை தெரிய வேண்டும்' என்று எழுதிவிட்டு, மூன்றாவது தடவையாக ஷட்டரை அழுத்தினேன்.